அகல டயர் மாட்டிவிட்டுப் போன மகாராஜாவுக்கு

லாபு,
ஞாயிறு காலை

மீரியில் குளுகுளு அறையில் கொலுவீற்றிருக்கும் மகாராஜா வசந்தனுக்கு, உன்னைத் தூக்கி வளர்த்த சித்தப்பா எழுதுவது. நானும் உன் சித்தி நீலாவதியும் உயிரோடு இருக்கிறோம், நீயும் அங்கே சுகமாக இருக்க முருகன் துணை. இதற்கு மேல் இனிமையாக எழுதக் கை வரவில்லை, அவ்வளவு கோபம். வாட்ஸ்அப்பில் திட்டினால் ஒரு கட்டைவிரல் படம் அனுப்பித் தப்பித்துவிடுவாய், அதனால்தான் தாளில் திட்டுகிறேன், ஒரு வரி விடாமல் படி.

தீபாவளிக்கு வந்தவன் முறுக்கைத் தின்றுவிட்டுப் போயிருக்கலாம். சித்தப்பா, உங்கள் காடி கிழவி மாதிரி இருக்கிறது என்று என் பழைய காரின் நல்ல டயர் நான்கையும் ரிம்மோடு கழற்றி வாழை மரத்தடியில் வீசிவிட்டு, ஸ்போர்ட் ரிம்மோடு யானைக்கால் மாதிரி நான்கு டயரை மாட்டிவிட்டு விமானம் ஏறிவிட்டாய். அன்றிலிருந்து அந்தக் காடி பெட்ரோல் குடிக்கவில்லை, குளிக்கிறது. பெட்ரோல் முள் செத்து இரண்டு வருடம் ஆகிறது, எனக்கு நாள் கணக்குதான். ஞாயிறு வழக்கமான அளவு பெட்ரோல் ஊற்றினால் செவ்வாய், வியாழன், சனி என்று சித்தியின் டயாலிசிஸுக்குச் சிரம்பான் மூன்று தடவை போய் வந்தும் கொஞ்சம் மிஞ்சும். நேற்று சனிக்கிழமை, பாதி வழியில் செம்பனைக் காட்டுக்கு நடுவே நின்றுவிட்டது. ஏழு மணிக்கு மிஷினில் உட்கார வேண்டியவள், கால் வீங்கிப் போய் ரோட்டோரம் நிற்கிறாள். நேரத்துக்குப் போகாவிட்டால் அந்த இடத்தில் வேறு ஆளை உட்கார வைத்துவிடுவார்கள் என்பது உனக்குத் தெரியும். நான் அந்த நேரத்தில் உன்னைத் திட்டிய திட்டு கடல் தாண்டி உன் காதில் விழுந்திருக்கும். கடைசியில் செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று வந்தது, சித்தியைத் தூக்கி முன்னால் உட்கார வைத்தேன். மிஷினை வேறு ஒருவருக்குக் கொடுக்கப்போன நேரத்தில் போய் விழுந்தோம்.

சித்தியை மிஷினில் உட்கார வைத்துவிட்டு, பெட்ரோலை டின்னில் வாங்கிப் போய் வழியில் நின்ற காடியில் ஊற்றி, உன் யானைக்கால்களை சிரம்பானிலேயே லோபாக்கில் டயர் கடை வைத்திருக்கும் சித்திக் என்ற பையனிடம் காட்டினேன். அவன் காற்று பார்த்தான், என்னையும் பார்த்தான். “அங்கிள், முப்பத்திரண்டு இருக்கணும், பதினாறுதான் இருக்கு. யாரு காத்த எறக்குனது?” என்றான். நான் ஆகாயத்தைப் பார்த்தேன். வசந்தா, நான்தான். தோட்டத்தில் லோரி ஓட்டிய காலத்தில் மழை வந்தால் சேற்றில் பிடிக்கட்டும் என்று காற்றை இறக்குவோம். மழை தொடங்கியதும் போன ஞாயிறு அதையே செய்தேன், உன் சித்திக்கும் குலுக்கல் குறையுமே என்று. தார் ரோட்டுக்கு வந்ததும் திரும்ப அடிக்க வேண்டும் என்பது இந்த மகா ஓட்டுநருக்கு மறந்துவிட்டது. அகல டயர் ஒரு பங்கு பெட்ரோலைக் குடிக்கும், காற்று இல்லாத டயர் இன்னொரு பங்கு என்றான் கடைப் பையன். அதோடு விடவில்லை, இப்படித் தேயும் ரப்பர் தூளெல்லாம் மழையில் கால்வாய்க்குப் போய் ஆற்றில் கலக்கிறது என்றான். மூன்று தலைமுறையாக மரத்திலிருந்து பால் எடுத்த குடும்பம், இன்று அதையே பொடியாக்கி ஆற்றுக்கு ஊட்டுகிறது.

நீ வீசிய பழைய டயர்களின் ரிம் குழியில் மழைத் தண்ணீர் தேங்கி, உலகத்துக் கொசு எல்லாம் அங்கேதான் பிரசவத்துக்கு வருகிறது. பக்கத்து வீட்டு மாயாண்டி கொளுத்திவிடலாம் என்றான், அந்தப் புகையில் கொசு பிழைக்கும், உன் சித்தி பிழைக்கமாட்டாள் என்று விரட்டிவிட்டேன். இன்று காலை தண்ணீரைக் கொட்டிக் கழுவி, அந்த நான்கையும் நானே திரும்ப மாட்டிவிட்டேன். உன் அனுமதி கேட்கவில்லை. உன்னுடையவை கூரைக்கு அடியில் கிடக்கின்றன, பொங்கலுக்கு வரும்போது தலையில் சுமந்து போ.

சித்தி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “புள்ளையத் திட்டி எழுதுங்க, ஆனா காத்த எறக்குனது யாருன்னும் எழுதுங்க” என்றாள். எழுதிவிட்டேன். இதில் பாதித் திட்டு எனக்கு, எந்தப் பாதி என்று கேட்காதே. செவ்வாய்க்கிழமை ஆறு மணிக்கே கிளம்புகிறோம். குலுங்கினால் குலுங்கட்டும் என்று அவள் தலையணையை இப்போதே காடியில் வைத்துவிட்டாள்.

நேரத்துக்குச் சாப்பிடு, நூறு வருஷம் நல்லா இரு. உன் வண்டிக்கும் காற்று பார்.

கோபம் தீராத உன் சித்தப்பா,
தங்கராஜு