கதவில் ஒட்டியிருந்த தாள்

என்னங்க,

குழம்பு அடுப்பில் இருக்கிறது, சூடு பண்ணிக்கொள்ளுங்கள். நீங்கள் ஜாமீன் போட்ட கடனுக்கு நமக்குத் தெரியாமலே வந்த தீர்ப்பை ரத்து செய்ய மனுப் போட வேண்டும். வக்கீலிடம் போகிறேன்.

காலையில் பழைய வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். “கோர்ட்டு ஆள் கதவுல நோட்டீஸ் ஒட்டிட்டுப் போனாரே, பாக்கலையாம்மா?” என்றார். தூக்கிவாரிப் போட்டது. குடிமாறிய பிறகு, அட்வான்ஸில் பிடித்துவிடுவாரே என்று அந்தக் கதவைக் கழுவப் போனேன் இல்லையா? ஏதோ விளம்பரம் என்று நினைத்து, படிக்காமலே நனைத்துச் சுரண்டிப் போட்டது நான்தான். வக்கீலிடமும் இதை அப்படியே சொல்லிவிடுவேன்.

வெளியே போனால் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுங்கள்.

பி.கு.: சம்மனை ஒளித்துவிட்டீர்கள் என்று நேற்று உங்கள் பையைக் குடைந்தேன். “உன்கிட்ட எதை மறைச்சிருக்கேன்?” என்று கேட்டீர்கள். ஒன்றையும் மறைத்ததில்லை நீங்கள்.