எலிகளுக்குக் குறைந்தது

மார்ச் 4, 2025, செவ்வாய்

இன்றும் விரல்கள் கறுப்பு. சோப்புக்குப் போவதாக இல்லை. மூங்கிலைச் சுட்ட கரித்தூளை எலித் தீனியில் பிசைவதுதான் இப்போது ஆய்வுக்கூடத்தில் என் வேலை. விரலைப் பார்த்து அண்ணன் கேட்டார். சாப்பிட்டுக்கொண்டே சொன்னேன்: கொழுப்புத் தீனி கொடுத்து எலிகளுக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி, வரவைத்திருக்கிறோம், கரி தின்னும் கூண்டுகளில் சர்க்கரை இறங்குகிற மாதிரி தெரிகிறது, குடலில் நல்ல கிருமிகளும் கூடுகின்றனவாம். அண்ணன் சோற்றில் கை வைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். வருஷக்கணக்காக இன்சுலின் ஊசி போட்டுக்கொள்கிறவர். என் வேலையைப் பற்றி அவர் இவ்வளவு கேட்டதே இல்லை. பெருமையாகக்கூட இருந்தது.

மார்ச் 16, ஞாயிறு

அண்ணன் சிரித்தார். பல்லெல்லாம் கறுப்பு!

பழைய ரப்பர் தோட்டத்துப் பக்கம் போய் ரப்பர் மரக் கட்டையைச் சுட்டுக் கரியாக்கி, என் மிக்சியிலேயே அரைத்து, மைலோவில் கலந்து குடிக்கிறார். ஊசியை நிறுத்திவிட்டாராம். "எலிக்குக் கேக்குது, எனக்குக் கேக்காதா? எலிக்கு யாருலா ஊசி போட்டா?"

மார்ச் 18, செவ்வாய்

ஆய்வை நடத்தும் டாக்டர் சிவபிரகாசத்திடம் சொன்னேன். பதறிவிட்டார். எலிக்கும் மனிதனுக்கும் நடுவில் இன்னும் எத்தனையோ வேலை இருக்கிறது, இன்றே ஊசி போட வையுங்கள் என்றார். அண்ணனிடம் சொன்னால், இது வெளியே தெரிந்தால் மருந்து விற்காது, அதனால்தான் அப்படிச் சொல்கிறார் என்கிறார். கரி டப்பாவைக் குப்பையில் கொட்டினேன். சாயங்காலமே வேறு டப்பா.

ஏப்ரல் 2, புதன்

ஃபிரிட்ஜில் ஊசி மருந்து அப்படியே இருக்கிறது. திறக்கும்போதெல்லாம் பார்க்கிறேன்.

ஏப்ரல் 14, திங்கள்

புத்தாண்டு. கோயிலுக்குக் கிளம்பும்போது அண்ணனுக்குச் செருப்பு நுழையவில்லை. கட்டைவிரல் கருநீலம். வலிக்கவே இல்லையாம். நாற்றம் எனக்குத்தான் தெரிந்தது. கோயிலுக்குப் பதில் ஆஸ்பத்திரி.

நான் என்னதான் செய்திருக்க முடியும்? எலியாக இருந்தால் பிடரியைப் பிடித்தாவது மருந்தைக் கொடுத்திருப்பேன். அண்ணனை எங்கே பிடிக்கிறது?

ஏப்ரல் 17, வியாழன்

அண்ணனின் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஏப்ரல் 25, வெள்ளி

ஆய்வு முடிந்தது. கரி தின்ற எலிகளுக்குச் சர்க்கரை நன்றாகவே குறைந்திருக்கிறது. குடலைப் பார்ப்பதற்காக எல்லாவற்றையும் கொன்றோம், குணமானவற்றையும் சேர்த்துத்தான். எப்போதும் செய்வதுதான். டாக்டர் கேக் வாங்கி வந்தார்.

ஏப்ரல் 26, சனி

வார்டில் நுழைந்ததும் அண்ணன் கேட்டது இதைத்தான்: "எலிக்குக் கொறஞ்சிச்சா?"

இல்லை என்று சொல்லத்தான் போனேன். அந்த முகத்தைப் பார்த்துப் பொய் வரவில்லை.

"கொறஞ்சிச்சு அண்ணே."

"பாத்தியா. நான் ரப்பர் கட்டையில போய் சுட்டேன். மூங்கிலா இருந்திருக்கணும்."

"எல்லா எலியும் செத்துப் போச்சு அண்ணே."

"அது நீங்க கொன்னது. கரியா கொன்னுச்சு?"

போர்வையைச் சரிசெய்தேன். ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்தது.

கிளம்பும்போது பக்கத்துக் கட்டில்காரர் கையைக் காட்டிக் கூப்பிட்டார். அவருக்கும் காலில் கட்டு. மெதுவாகக் கேட்டார்:

"தங்கச்சி, அந்த மூங்கில் கரி எங்கலா கெடைக்கும்?"