கம்பியில் தொங்கிய ஞாயிறு

கொல்கத்தா

அன்புள்ள பூங்கோதைக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா? போனில் சொன்னால் பாதியிலேயே திட்டுவாய் என்பதால் இதை எழுதுகிறேன்.

ஞாயிறன்று ஆபீஸ்காரர்கள் என்னை ஒரு பார்க்குக்கு இழுத்துப் போனார்கள். கோபுரத்திலிருந்து கம்பியில் தொங்கியபடி ஏரியைக் கடக்க வேண்டுமாம். காசு கொடுத்து எதற்கு இந்த வம்பு என்று கேட்டேன். பக்கத்து சீட் சௌமிக், "கிச்சு ஹொபே நா, தாதா!" என்று, அதாவது ஒன்றும் ஆகாது அண்ணா என்று, சொல்லித் தள்ளிவிட்டான். பயப்படாதே, பெல்ட் கட்டியிருந்தார்கள்.

நடு ஏரியில், "அடியே பூங்கோதை!" என்று கத்திவிட்டேன். அக்கரையில் ஒரே சிரிப்பு. எனக்கோ நெஞ்சு லேசாகிவிட்டது. ஆபீஸில் இந்தி, கடையில் அரைகுறை பெங்காலி. அறையில் கூட இருப்பவர் சீக்கிரம் தூங்கிவிடுவதால் போனில் உன்னிடமும் கிசுகிசுப்புதான். உன்னைக் குரலெடுத்துக் கூப்பிட்டு எத்தனை மாதமாயிற்று!

இங்கே லேக் மார்க்கெட் கடைகளில் நம்மூர்ச் சாமான் எல்லாம் கிடைக்கிறது, இட்லிப் பொடி அனுப்ப வேண்டாம். பீரோவில் இருக்கும் நீல மப்ளரை மட்டும் அனுப்பு, தொண்டை கட்டியிருக்கிறது. ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது.

ஒரு தடவை கத்தினால் தொண்டை கட்டுமா என்று கேட்பாய். இறங்கியதும் மறுபடி டிக்கெட் வாங்கினேன்.

உன்,
மணிவேல்