பொழுதுபடும் வரை

2025 மே 6, செவ்வாய்

இன்றைக்கும் மகனிடமிருந்து பெருவிரல்தான் வந்தது.

'சாப்பிட்டியா ராசா' என்று காலையில் எழுதிக் கேட்டிருந்தேன். மத்தியானம் நான் சமைக்கிற கார்டரிக் காப்பகத்துக் குசினியில் பிள்ளைகளுக்குக் கரட் மசித்துக்கொண்டு நிற்கும்போது தொலைபேசி அதிர்ந்தது. ஈரக் கையைத் துடைத்துவிட்டு ஓடிப் போய்ப் பார்த்தால் மஞ்சள் நிறத்தில் ஒரு பெருவிரல் நிமிர்ந்து நிற்கிறது. சாப்பிட்டேன் என்றா, கேட்டது விளங்கியது என்றா, என்னை விடுங்கோ என்றா? பெருவிரலிடம் எதைக் கேட்பது?

இவர் கண்ணை மூடிய பிறகு மகன் ஜெனாட் இந்த பியர்பொன்ட்ஸ் வீட்டை விட்டு, நகரின் மறு கோடியில் மொன்ட்ரியால்-நோரில் இரண்டு பெடியளோடு வாடகைக்குப் போனான். சண்டை ஒன்றுமில்லை. சண்டை என்றால் சமாதானம் செய்யலாம். முதலில் ஞாயிறு தோறும் வந்தான், பிறகு நத்தார்ப் பண்டிகைக்கு வந்தான், இப்போது பெருவிரல் வருகிறது. போன வருடம் இவருடைய ஆண்டுப் பூசைக்குக் கோயில் வாசல்வரை வந்தவன், வாசலில் நின்ற சனத்தைக் கண்டதும் அப்படியே திரும்பிப் போய்விட்டான். இந்த ஆகஸ்டில் இரண்டாம் ஆண்டு. அதற்காவது என் பக்கத்தில் வந்து நிற்பானா? எனக்கு வேறு ஆசை இல்லை.

மே 11, ஞாயிறு

அன்னையர் தினம். கோயிலில் யோசெப்பீன் அக்கா எல்லாத் தாய்மாருக்கும் றோசாப்பூக் கொடுத்துக்கொண்டு வந்தா. என்னிடம் வந்ததும் மகன் வரவில்லையா என்று கேட்டா. வேலை என்றேன். பூசைக்குள் நின்றுகொண்டே பொய்.

பின்னேரம் பெருவிரலுக்குப் பதிலாக ஒரு சிவப்பு இதயம் வந்தது. முன்னேற்றம் என்று எடுத்துக்கொண்டேன்.

மே 20, செவ்வாய்

மத்தியானம் செத்துப் பிழைத்தேன். இப்போது சிரிப்பு வருகிறது.

எங்கள் கார்டரியில் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிற மனோன், என் தொலைபேசி முகப்பில் ஜெனாட்டின் படத்தைக் கண்டுவிட்டு இவனைத் தனக்குத் தெரியும் என்றாள். எப்படி என்றேன். தங்கள் நாட்டில் இவன் ஒரு 'மேர்செனேர்' என்றாள். எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் அந்தச் சொல் இல்லை. கழிவறைக்குள் போய்க் கதவைப் பூட்டிவிட்டுத் தேடினேன். கூலிப்படை ஆள்.

ஐயோ, என்ரை பிள்ளை கூலிப்படையிலை. அப்படியே மூடியின் மேல் இருந்துவிட்டேன். நாங்கள் போருக்குப் பயந்து விட்டு வந்த ஊரில் அந்தச் சொல்லோடு யார் யாரெல்லாம் காணாமல் போனார்கள். வெளியே வந்து மனோனின் கையைப் பிடித்துக்கொண்டு என் மகனை யார் கூட்டிக்கொண்டு போனது என்று கேட்டேன். அவள் பயந்துபோய் விளங்கப்படுத்தினாள். கிழக்கே இரண்டு மணித்தியால ஓட்டத்தில் ஒரு காடு. அங்கே வளர்ந்த மனிதர்கள் கோடையில் விளையாட்டுக்காகக் கூடி, அரசர், இளவரசி, கொல்லன், சூனியக்காரி என்று வேடம் கட்டி ஒரு இராச்சியம் நடத்துகிறார்களாம். பெயர் வல்நுவார். வாள் எல்லாம் ரப்பர். மனோன் அங்கே சத்திரத்துக் குசினியை நடத்துகிறாள்.

ஜெனாட்டுக்கு அங்கே பெயர் கோர்போ. அதாவது காகம். நானும் இவரும் மூன்று கிழமை யோசித்து வைத்த பெயர் என்ன, அவன் தனக்கு வைத்துக்கொண்டது என்ன.

மே 21, புதன்

பிள்ளைகள் படுத்த நேரத்தில் மனோனைப் பிடித்து வைத்துக் கேட்டேன். கூலிப்படை ஆட்கள் எப்படிச் சீவிக்கிறார்கள்?

வல்நுவாரில் ஒவ்வொரு பிரபு வீட்டுக்கும் ஒரு கொடி, ஒரு கூடாரம், ஒரு சாப்பாட்டு மேசை உண்டு. கூலிப்படைக்கு அது ஒன்றும் இல்லை. கோட்டை வாசலுக்கு வெளியே மரங்களுக்கு நடுவில் ஒரு படங்கைக் கூரையாகக் கட்டிவிட்டுப் படுப்பார்கள். காலையில் வலக்கையில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிக்கொண்டு கிணற்றடியில் போய் நிற்பார்கள். வேலை வேண்டும் என்று அர்த்தம். பிரபு வீட்டுக் காரியக்காரர்கள் வந்து ஆளை மேலும் கீழும் பார்ப்பார்கள். கிட்டே வந்து நின்றவர் யாராக இருந்தாலும், கூலிப்படை ஆள் மூன்று கேள்வி கேட்டே ஆக வேண்டும். வேலை என்ன? எதுவரை? சாப்பாடு என்ன? பதில் பிடித்தால் துணி இடக்கைக்கு மாறும்.

சொன்ன தவணை முடிந்தால் அவனை ஒருவரும் மறிக்க முடியாது. ஒருமுறை பாலத்தில் நடுச் சண்டையில் பொழுது பட்டுவிட்டதாம். கூலிக்கு நின்ற ஒருவன் வாளை உறையில் போட்டுவிட்டு, இளவரசரைத் தனியே விட்டு, சத்திரத்துக்கு வந்து சூப் கேட்டானாம். தானே ஊற்றிக் கொடுத்ததாக மனோன் சொல்லிச் சிரித்தாள். நல்ல வடிவான ஒழுங்கு.

எப்போதாவது அருமையாக இன்னொன்றும் நடக்குமாம். யாராவது ஒருவன் தன் துணியை அவிழ்த்து ஒரு வீட்டு வாசலில் கட்டிவிடுவான். இனி அவன் கிணற்றடிக்குப் போகமாட்டான், அந்த வீட்டுக்குக் கூப்பிடாமலே வருவான் என்று அர்த்தம். மனோன் இத்தனை வருடத்தில் ஒரேயொரு தடவைதான் கண்டாளாம்.

சண்டை விளையாட்டில் செத்தவர்கள் தங்கள் தலையில் கையை வைத்துக்கொண்டு கோயிலடிக்கு நடந்து போய்க் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுத் திரும்பி வரலாம் என்றும் சொன்னாள். அதைக் கேட்டபோது எனக்கு இவருடைய நினைவு வந்து, கரண்டி கழுவ வேண்டும் என்று எழும்பிவிட்டேன்.

ஜூன் 15, ஞாயிறு

தந்தையர் தினம். ஜெனாட்டுக்குத் தொலைபேசி எடுத்தேன். எடுக்கவில்லை.

ஜூன் 27, வெள்ளி

மனோனின் குசினியில் உதவிக்கு வரும் பெண் கையை முறித்துக்கொண்டாளாம். ஜூலையில் ஒரு சனி ஞாயிறுக்கு நான் வரமுடியுமா என்று கேட்கிறாள். கேட்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. கெட்டிக்காரி.

அவன் என்னை விட்டுத் தள்ளிப் போய் ஒளித்திருக்கிற ஒரேயொரு இடம். அங்கேயும் நான் போய் நிற்பதா? சரியில்லை. போகாமல் இருக்கவும் முடியவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

போய்விட்டு வந்துவிட்டேன். உடம்பெல்லாம் புகை மணம். எல்லாவற்றையும் ஒழுங்காக எழுத வேண்டும், இல்லாவிட்டால் நாளைக்குக் கனவு என்று நினைத்துவிடுவேன்.

மனோன் ஒரு நீளப் பாவாடையும் வெள்ளைத் தொப்பியும் தந்தாள். கண்ணாடியில் பார்த்தால் பழைய படங்களில் வருகிற கன்னியாஸ்திரி மாதிரி இருந்தேன். வாசலில் நிறுத்தி ஒரு சட்டம் சொன்னாள்: உள்ளே வெளிப்பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடாது, வெளி உறவும் சொல்லக்கூடாது. பெற்ற பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடாத நாடு. வீட்டில் கூப்பிட ஆள் இல்லாமல் எனக்குப் பழக்கம்தான்.

சனி காலை சத்திரத்து யன்னலால் கிணற்றடியைப் பார்த்துக்கொண்டு வெங்காயம் உரித்தேன். ஏழெட்டுப் பேர் நின்றார்கள். கடைசியில் அவன். தாடி வளர்த்திருக்கிறான். மெலிந்துவிட்டான். கறுப்புத் தோல் சட்டை, வலக்கையில் சிவப்புத் துணி. காரியக்காரர்கள் வந்து தடித்த ஆட்களாகப் பார்த்துக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஒருவன் என் பிள்ளையின் தோளை அமர்த்திப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். அந்த ஆளின் சூப்பில் உப்பை அள்ளிப் போட வேண்டும் போல் இருந்தது. பின்னேரமாகியும் அவன் மட்டும் தனியே நின்றான். விளையாட்டுத்தான். ஆனாலும் கத்தியும் கையுமாக யன்னலடியிலேயே நின்றேன்.

மனோன் என் கையில் இருந்த கத்தியை வாங்கிவிட்டு, சத்திரமும் ஆள் பிடிக்கலாம் என்றாள்.

நான் நடந்து போனேன். பாதி வழியில் கண்டுவிட்டான். முகம் வெளிறியது. ஒரு கால் பின்னால் போனது. ஆனால் நான் கிட்டே போய் நின்றுவிட்டேன், இனி அவன் கேட்டே ஆக வேண்டும்.

நிலத்தைப் பார்த்தான். பிறகு பிரெஞ்சில், முன்பின் தெரியாத குரலில், வேலை என்ன என்று கேட்டான்.

"ஆத்தடிக்குப் போய் வரவேணும். துணைக்கு ஆள் வேணும்," என்று தமிழில் சொன்னேன்.

எதுவரை?

"பொழுதுபடும் வரைக்கும்."

சாப்பாடு?

"மட்டன் றோல்ஸ்."

வாயின் ஒரு பக்கம் மட்டும் அசைந்தது. துணியை அவிழ்த்து இடக்கையில் கட்டினான்.

என் மகனோடு நான் நடந்து எத்தனை நாள். அவன் ஓரடி பின்னால், இடப்பக்கம், கை வாளில். எனக்கு முன்னால் நீட்டிக்கொண்டு நின்ற கொப்புகளை ஒதுக்கி விட்டான். இப்படியே அந்த ஆறு வராமலே இருந்தால் நல்லது என்று நினைத்துக்கொண்டு நடந்தேன்.

ஆற்றங்கரையில் ஒரு கல்லில் குந்தியிருந்து, நான் வீட்டில் செய்து கொண்டுபோன றோல்ஸைச் சாப்பிட்டோம். முதலாவதை அவன் மென்று விழுங்கினானா என்பதே சந்தேகம். நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு, கூலிக்கு வந்த ஆளிடம் கேட்பதுபோல், உங்கட ஆக்கள் ஏன் ஒரு வீட்டிலும் நிலைத்து நிற்பதில்லை என்று கேட்டேன்.

அவன் விரலில் ஒட்டியிருந்த தூளை ஒவ்வொன்றாகத் தட்டினான். "அப்பாவை அடக்கம் செய்த அண்டைக்கு வந்த ஆக்கள் எல்லாரும் என்ரை தோளிலை தட்டி, இனி நீதான் தம்பி எண்டவை. நானும் ஓம் எண்டு தலையாட்டினனான்," என்றான். "அது எதுவரை எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை அம்மா."

அம்மா என்றுவிட்டான். அந்த நாட்டில் அந்தச் சொல்லுக்கு அனுமதி இல்லை. அவன் கவனிக்கவில்லை. நான் இன்னொரு றோல்ஸை எடுத்து நீட்டினேன்.

மரங்களுக்குப் பின்னால் சூரியன் போனதும் என்னைச் சத்திர வாசலில் விட்டான். துணியை அவிழ்த்தான். பிரெஞ்சில் நல்லிரவு சொல்லிவிட்டுக் கோட்டைக்கு வெளியே நடந்து போனான். நான் சட்டி கழுவினேன்.

ஜூலை 16, புதன்

கோபம் வருகிறது. எனக்கு மட்டும் யார் எதுவரை என்று சொன்னது? இவர் போன அன்றிலிருந்து கூரை, பனி, வரி, கொதிகலன் எல்லாம் நான்தான். என் தோளில் ஒருவரும் தட்டக்கூட இல்லை. எந்தக் கிணற்றடியில் நான் போய் நிற்பது?

சரி. எழுதியாகிவிட்டது. பிள்ளை மெலிந்துதான் இருக்கிறான்.

ஜூலை 20, ஞாயிறு

பெருவிரல்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

இவருடைய உடுப்பலுமாரி பேஸ்மன்டில் இருக்கிறது. கழற்றி வெளியே வைக்க வேண்டும், எனக்குத் தூக்க ஏலாது. வழக்கமாக 'வந்து ஒருக்கால் பார் ராசா' என்று எழுதுவேன். அதற்குப் பெருவிரல் வரும், ஆள் வராது.

இன்றைக்கு யோசித்து யோசித்து இப்படி எழுதினேன்: வேலை, அலுமாரி கழற்றுதல். எதுவரை, வருகிற சனி பொழுதுபடும் வரை. சாப்பாடு, புட்டும் றால் குழம்பும்.

அனுப்பிவிட்டு வெட்கமாகிப் போனது. தொலைபேசியைத் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால் எழுத்து. பெருவிரல் இல்லை, எழுத்து.

'இடியப்பம் எண்டால் வாறன்.'

பேரம் பேசுகிறான். கதிரையில் இருந்து அழுதேன்.

ஆகஸ்ட் 9, சனி

வந்தான். அலுமாரியைக் கழற்றினான். இவருடைய சேட்டுகளை ஒவ்வொன்றாக மடித்துப் பெட்டியில் வைத்தான், ஒன்றை மட்டும் மணந்து பார்த்தான். நான் படியில் நின்று கண்டேன், இறங்கவில்லை.

இருந்து போ என்று சொல்லவில்லை. கூரையைப் பற்றிச் சொல்லவில்லை. நாக்கைக் கடித்துக் கடித்து வாய் புண். கோடைச் சூரியன் நல்லவர், எட்டு மணி தாண்டியும் நின்றார். அவர் போனதும் ஜெனாட் எழும்பினான். நான் மிச்ச இடியப்பத்தைக் கட்டிக் கொடுத்துவிட்டுக் கதவைத் திறந்தேன். போகவிட்டேன். அது எவ்வளவு கஷ்டம் என்று இங்கே மட்டும்தான் சொல்லலாம்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

நேற்றும் வந்தான். வேலை, புல் வெட்டுதல். சாப்பாடு, அவன் கேட்ட மரவள்ளிக்கிழங்கும் சம்பலும். போகும்போது வாசலில் நின்றான். வேறு வேலை இருக்கா என்று கேட்டான்.

இருக்கு என்றேன். "அடுத்த ஞாயிறு அப்பாவின்ரை பூசை. பக்கத்திலை நிக்க ஆள் வேணும். கடைசிப் பாட்டு முடியும் வரைக்கும்."

சாப்பாடு என்ன என்று அவன் கேட்கவில்லை. காரில் ஏறிப் போய்விட்டான்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

முதல் பாட்டுத் தொடங்கியபோது என் இடப்பக்கம் காலியாக இருந்தது. சுவாமியார் இவருடைய பெயரை வாசித்தார். சவிரிமுத்து என்று கேட்டபோது குனிந்துவிட்டேன். நிமிர்ந்தால் ஒரு வெள்ளைச் சேட்டுக் கை என் பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. தாடி வழித்திருந்தான்.

கடைசிப் பாட்டு முடிந்தது. தவணை முடிந்தது, அவன் போகலாம். போகவில்லை. வாசலில் சனம் சூழ்ந்தது. யோசெப்பீன் அக்கா அவன் தோளில் கையை வைத்தா. "இனி நீதான் தம்பி அம்மாவுக்கு—"

"இல்லை அக்கா," என்றேன். "அவன் இண்டைக்கு ஒரு பூசைக்கு வந்தவன். அது போதும்."

அக்கா ஒரு மாதிரிப் பார்த்தா. பார்க்கட்டும். ஜெனாட் என்னைப் பார்த்தான், சின்ன வயதில் ஊசி போட்டு முடிந்த பிறகு பார்ப்பதுபோல். பிறகு காரை எடுத்துவரப் போனான்.

வீட்டில் சாப்பிட்டோம். கதிரையில் இருந்தபடியே நித்திரையாகிப் போனான். பொழுது பட்டது. நான் எழுப்பவில்லை. எழும்பியபோது இருட்டி இருந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு போனான்.

ஆகஸ்ட் 25, திங்கள்

காலையில் குப்பை வைக்கப் பின்கதவைத் திறந்தேன். கைபிடியில் சிவப்புத் துணி கட்டியிருக்கிறது. வெயிலில் வெளிறிய துணி, இரட்டை முடிச்சு.

பஸ்ஸைத் தவறவிட்டேன். மனோனுக்கு ஏன் பிந்தியது என்று சொன்னேன், அவள் குசினியில் நின்று அழுதாள், பிள்ளைகளின் சூப் அடிப்பிடித்தது.

எதுவரை என்று அவன் சொல்லவில்லை. நானும் கேட்கப்போவதில்லை.