பாஸ்டருக்குக் குரல் இல்லாத ஞாயிறு

ஜூன் 12, வியாழன்

காலையிலேயே வெயில் கொளுத்துகிறது. துணி ஊறுகிறது, துவைக்கவில்லை. இவருக்குத் தொண்டையில் கட்டி எடுத்தாயிற்று. வாயே திறக்கக் கூடாது, டாக்டர் கண்டிப்பு. எல்லாம் போனில் தட்டிக் காட்டுகிறார். இன்று காட்டியது: "ஞாயிறு செய்தி நீ கொடு." பிரசங்கத்தைத்தான் சொல்கிறார்.

இவர்தான் பாஸ்டர். திருக்கோகர்ணத்தில் மாடி ஹால் ஒன்றுதான் எங்கள் சபை. பேச ஆள் இல்லையென்றால் இருக்கிற குடும்பங்களும் வேறு சபைக்குப் போய்விடும். ஆவூரில் ஆர்சி, கத்தோலிக்கக் குடும்பம் நான், கல்யாணத்துக்கு அப்புறம்தான் பெந்தெகொஸ்தே. மைக்கைத் தொட்டதே இல்லை.

ஜூன் 13, வெள்ளி

புழுக்கம். வாங்க: மாத்திரை, டீத்தூள், ரவை.

நான் வேலை பார்க்கும் பள்ளியில் மேரி டீச்சரிடம் கேட்டேன். லுத்தரன் சபை, பிரசங்க வகுப்புக்குப் போனவர். ஒரே வசனம், மூன்று தலைப்பு, முழுக்க எழுதிக் கண்ணாடி முன் வாசிக்கணுமாம். எழுதினேன். இவர் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். கையில் தாளைக் கண்டால் எங்கள் ஆட்களுக்கு அது பரிசுத்த ஆவி இல்லாத பேச்சு. முழங்காலில் நில், வாயைத் திற, ஆண்டவர் நிரப்புவாராம். நிரப்பாவிட்டால்?

ஜூன் 14, சனி

தூறல். அண்ணனுக்குப் போன். ஆர்சி சாமியார், நான் மாறிய பிறகும் பேசுகிற ஒரே ஆள். குருமடத்தில் படிக்கும்போது மறையுரை நீண்டால் பேராசிரியர் மணியடித்து உட்கார வைப்பாராம். எங்கள் சபையில் ஒரு மணி நேரம் என்றேன்.

"அம்புட்டு நேரத்துக்கு எனக்கே சரக்கு கெடையாது ஆத்தா."

நல்ல ஆளிடம் கேட்டேன்.

ஜூன் 15, ஞாயிறு

எழுத்தெல்லாம் கோணல்.

பாட்டு முடிந்து மைக் முன்னால் போனேன். பேதுரு கடல்மேல் நடந்தது, அதுதான் செய்தி. பயத்தில் கை தானாக நெற்றி, நெஞ்சு, தோள் என்று போய்விட்டது. சிலுவை போட்டுவிட்டேன், ஆர்சிப் பழக்கம். எங்கள் மேடையில்! அல்லேலூயா சத்தம் சட்டென நின்றது. மூப்பர் சாமுவேல் ஐயா பைபிளை மூடினார். அப்புறம் என்ன பேசினேனோ. பேதுரு மூழ்கினான் என்பது வரை வந்தது. இயேசு கை கொடுத்துத் தூக்கியதைச் சொல்ல மறந்தே போய், ஆமென் போட்டு இறங்கிவிட்டேன்.

கூட்டம் முடிந்ததும் மூப்பர் இவரிடம் வந்தார். "அம்மாவுக்குப் பழசு இன்னும் போகலைங்களே, பாஸ்டர்." செத்தேன் என்று நின்றேன். இவர் போனில் தட்டி நீட்டினார். மூப்பர் கண்ணாடியை ஏற்றிவிட்டு, எல்லார் காதிலும் விழ வாசித்தார்:

"பேதுருவைத் தண்ணியிலயே விட்டுட்டு வந்துட்டா. அடுத்த ஞாயிறு அவதான் தூக்கணும்."

அடுத்த ஞாயிறும் நானா! மூப்பர் போனைத் திருப்பிக் கொடுத்தார். "சரி, அடுத்த ஞாயிறு வாரேங்க" என்று செருப்பை மாட்டினார்.