குடிக்க உகந்தது

ஞாயிற்றுக்கிழமை, 11ஆம் தேதி

அன்புள்ள உங்களுக்கு,

வாரத்துக்கு இரண்டு தடவை தண்ணீரை மாற்றியும் கடல்மீன் தொட்டியில் நைட்ரேட் ஏன் ஏறிக்கொண்டே போகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குத் தெரியவில்லை. இருபத்து நான்கு வருடமாகக் குடிநீர் ஆய்வகத்தில் தண்ணீரைச் சோதித்துச் சம்பளம் வாங்குகிறவள் இதை எழுதுகிறேன். மற்றபடி நலம்.

நீங்கள் வெளியூருக்கு லிஃப்ட் பொருத்தும் வேலைக்குக் கிளம்பிப் போன அன்று எட்டு இருந்தது. அடுத்த ஞாயிறு பன்னிரண்டு. பிறகு பதினெட்டு, இருபத்தைந்து. இன்று காலை முப்பத்திரண்டு. பவளம் வைத்த தொட்டியில் பத்தைத் தாண்டவே கூடாது என்று உங்கள் நோட்டில் சிவப்பு மையால் இரண்டு கோடு போட்டு வைத்திருக்கிறீர்கள். அந்தப் பக்கத்தைக் கண்ணை வேறு பக்கம் வைத்துக்கொண்டு புரட்டக் கற்றுக்கொண்டுவிட்டேன்.

மீனின் கழிவும் தின்னாமல் விட்ட தீனியும் அழுகி, நுண்ணுயிர்கள் அதை மாற்றி மாற்றிக் கடைசியில் நைட்ரேட்டாகக் கொண்டுவந்து நிறுத்தும். தொடங்கி நாலு மாதம்கூட ஆகாத தொட்டியில் அதைத் தின்று தீர்க்க ஆள் கிடையாது. தண்ணீரை மாற்றினால்தான் குறையும். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தவளிடம் அது குறைய மாட்டேன் என்கிறது. தீனியைப் பாதியாக்கினேன். நுரை சேரும் கோப்பையைத் தினமும் காலையில் கழுவுகிறேன். பாறை இடுக்கிலெல்லாம் ரப்பர் குழாயை விட்டு அழுக்கை உறிஞ்சி எடுத்தேன். ஆபீசுக்குப் போகும்போது புடவையில் கடல் நாற்றம் அடிப்பதாகப் பக்கத்து மேஜைக்காரி சொல்கிறாள்.

மேனேஜர் சௌக்கியம். அந்த ஆரஞ்சு மீனுக்கு நீங்கள் சரியாகத்தான் பெயர் வைத்தீர்கள். ஒரு வேலையும் செய்யாமல் எல்லா மூலைக்கும் போய் எட்டிப் பார்த்துவிட்டு வருகிறது. எனக்குப் பயமெல்லாம் அந்தப் பவளத்தை, உங்கள் சீமாட்டியைப் பற்றித்தான். வியாழக்கிழமையிலிருந்து மூன்று தலைகளும் விரியவில்லை. உங்கள் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன், நீங்கள் பார்க்கிற கோணத்தில் ஏதாவது வித்தியாசமாகத் தெரிகிறதா என்று. இடது தலையின் விளிம்பில் நகக்கண் அளவுக்கு வெள்ளை தெரிகிறது. அது எலும்பு என்று உங்கள் புத்தகத்தில் போட்டிருக்கிறது.

மீன் கடைக்காரரிடம் போனேன். அவர் என்னை இன்னமும் டீச்சர் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார். "டீச்சரம்மா, இந்த பாட்டில்ல நல்ல கிருமி இருக்கு. ஒரு மூடி ஊத்துங்க, நாலு நாள்ல எல்லாத்தையும் சாப்ட்டு முடிச்சிடும்" என்றார். உள்ளே இருப்பது உயிரோடு இருக்கிறது என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டேன். "அதுக்கு நான் என்னம்மா பண்ண, பாட்டிலத் தட்டிக் குரல் குடுக்கவா முடியும்?" என்றார். வாங்காமல் வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு வாங்கியிருக்கலாமோ என்று தோன்றியது. நான் இப்படி ஆகிவிட்டேன்.

புதன்கிழமை மத்தியானம் அரை மணி நேரம் மின்சாரம் போய்விட்டது. அன்று லீவு போட்டிருந்தேன். பம்ப் நின்றதும் வீட்டில் அப்படி ஒரு அமைதி. வாளியில் தண்ணீரை மொண்டு மொண்டு தொட்டிக்குள் ஊற்றிக்கொண்டே நின்றேன், காற்று போகட்டும் என்று. இந்தச் சத்தத்தோடு எப்படி உட்கார்ந்து படிப்பது என்று உங்களிடம் சண்டை போட்டவள்தான் நான்.

என்ன தண்ணீர் ஊற்றுகிறாய் என்று கேட்டிருந்தீர்கள். நல்ல தண்ணீர்தான்.

கம்பெனி இன்னும் ஒரு வருடத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறது, இருபத்தைந்தாம் தேதிக்குள் சொல்ல வேண்டும் என்று எழுதிவிட்டு, ஓரத்தில் சின்ன எழுத்தில் "உனக்கு ஏதும் சிரமமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். போனில் சொன்னதையேதான் சொல்கிறேன். எனக்கென்ன சிரமம். உங்களுக்கு எது வசதியோ அதைச் செய்யுங்கள்.

உயரத்தில் வேலை. பெல்ட் போடாமல் ஏறாதீர்கள்.

இப்படிக்கு,
நான்

*

திங்கட்கிழமை, 19ஆம் தேதி

அன்புள்ள உங்களுக்கு,

போன கடிதத்தில் நல்ல தண்ணீர்தான் என்று எழுதினேன். அதில் ஒரு விஷயத்தை மறைத்திருந்தேன். போனில் தினமும் மூன்று கேள்வி கேட்கிறீர்கள்: சாப்பிட்டாயா, மழை பெய்ததா, நைட்ரேட் எவ்வளவு. நாலாவதாக ஒன்றைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

சமையலறையில் பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே நீங்கள் மாட்டி வைத்த வடிகட்டி, தண்ணீரில் கரைந்திருப்பதையெல்லாம் நீக்கிச் சொட்டுச் சொட்டாகத்தான் விடும். நாற்பது லிட்டர் டிரம் நிரம்ப முக்கால் நாள் ஆகும். இரண்டாவது வாரமே எனக்குப் பொறுமை போய்விட்டது. குழாய்த் தண்ணீரைப் பிடித்து, நாலு மணி நேரம் காற்றுக் குமிழி விட்டுக் குளோரின் வாடையைப் போக்கி, அதிலேயே உப்பைக் கலந்தேன். ஊருக்கு விடுகிற தண்ணீர். நானே சோதித்து, நானே கையெழுத்துப் போட்டது. அதற்கு மேல் ஒரு வடிகட்டியா என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை நைட்ரேட் முப்பத்து நான்கு. சோதனைக் குழாயின் நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டுப் பார்ப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் ஒரு பாட்டிலில் தொட்டித் தண்ணீரை எடுத்துக்கொண்டு ஆய்வகத்துக்குப் போனேன். அங்கேயும் அதே முப்பத்து நான்கு. பக்கத்து மேஜைக்காரி டப்பாவைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டே என் முகத்தைப் பார்த்தாள். "என்னடி, யாருக்கோ சீரியஸ்ங்கிற மாதிரி உக்காந்திருக்கே?" என்றாள். சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. கையை நக்கிக்கொண்டே, "ஊரு தண்ணியெல்லாம் டெஸ்ட் பண்றியே, உன் வீட்டு பக்கெட்ட பண்ணியா?" என்று கேட்டாள்.

பண்ணவில்லை. முதலில் எதை ஊற்றினாய் என்று பார், பிறகு எது கெட்டது என்று தேடு. புதிதாக வேலைக்குச் சேருகிற ஒவ்வொருவருக்கும் முதல் நாள் நான் சொல்கிற பாடம் அது.

சோதிக்கக்கூடத் தேவைப்படவில்லை. போன மாதத்து ரிப்போர்ட்டை எடுத்தேன். நம் தெருக் குழாய். நைட்ரேட் இருபத்து நான்கு. அனுமதிக்கப்பட்ட அளவு நாற்பத்தைந்து. முடிவு: குடிக்க உகந்தது. கீழே என் கையெழுத்து.

பத்துக்குக் கீழே கொண்டுவர, இருபத்து நான்கு உள்ள தண்ணீரை வாளி வாளியாக ஊற்றியிருக்கிறேன். ஆவியாகிக் குறைகிற தண்ணீருக்குப் பதிலாகவும் தினம் இரண்டு லிட்டர் அதையேதான் விட்டேன். தண்ணீர் காற்றோடு போய்விட்டது, நைட்ரேட் உள்ளேயே தங்கிவிட்டது. பயம் கூடக்கூட அடிக்கடி மாற்றினேன். மாற்ற மாற்ற ஏறியது. காப்பாற்றுகிறேன் என்று நினைத்து நானே ஊட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ரிப்போர்ட்டில் பிழை இல்லை. அந்தத் தண்ணீரை நீங்களும் நானும் குடித்தோம், நன்றாகத்தான் இருக்கிறோம். ஆனால் அந்த அளவு நமக்காகப் போட்டது. சீமாட்டியைக் கேட்டு யாரும் போடவில்லை.

அந்தத் தாளை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். தொட்டி வாங்கும்போது, "ஒரு பம்ப் சத்தமாவது இருக்கட்டுமே வீட்ல" என்று சொன்னீர்கள். அன்று நான் மின்சாரம் எவ்வளவு செலவாகும் என்று கேட்டேன். எனக்குப் பேச்சு அதிகம் தேவைப்பட்டதில்லை. ஒரே அறையில் நீங்கள் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாக இருந்தால் எனக்கு அது போதும். எல்லாம் அளவுக்குள்தான் இருக்கிறது என்று வருடா வருடம் மனசுக்குள் எழுதிக்கொண்டேன். உங்களுடைய அளவு என்ன என்று கேட்டதில்லை.

வடிகட்டியைத் திரும்பத் திறந்துவிட்டிருக்கிறேன். ஒரேயடியாக எல்லாத் தண்ணீரையும் மாற்றினால் அந்த அதிர்ச்சியே மீதி இருப்பதைக் கொன்றுவிடும் என்று உங்கள் நோட்டில் இருக்கிறது. அதனால் இரண்டு நாளுக்கு ஒரு தடவை நாற்பது லிட்டர். நேற்று முதல் தடவை மாற்றினேன். இன்று இருபத்தெட்டு. சீமாட்டியின் இடது தலை போய்விட்டது. சதை முழுக்க உதிர்ந்து எலும்பு மட்டும் நிற்கிறது. மற்ற இரண்டும் மூடியே இருக்கின்றன. பிழைக்குமா என்று கேட்காதீர்கள். தெரியாது.

ஓரத்தில் நீங்கள் கேட்டிருந்த கேள்விக்கு வருகிறேன். அதற்கு நான் எழுதி அனுப்பியது பார்க்காமலே கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட். சரியான பதிலை இந்தத் தாளில் எழுதப் பார்த்து மூன்று தடவை அடித்துவிட்டேன். கீழே தெரிகிற மைக்கறை அதுதான். எழுத்தில் எனக்கு வர மாட்டேன் என்கிறது. இருபத்தைந்தாம் தேதி கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் தயவுசெய்து அந்தக் கேள்வியை இன்னொரு தடவை கேளுங்கள். இந்த முறை பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். முழங்கால் வலிக்குத் தைலம் பெட்டியின் பக்கவாட்டு அறையில் வைத்திருக்கிறேன். நீங்கள் இன்னும் பார்த்திருக்க மாட்டீர்கள். எங்கே இருந்தாலும் நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
நான்

செவ்வாய்க்கிழமை காலை:

இன்னும் தபாலில் போடவில்லை, அதனால் இதையும் சேர்க்கிறேன். நீங்கள் எட்டு மணிக்கு அழைத்தீர்கள். நடந்தது உங்களுக்கும் தெரியும். எழுதி வைக்காவிட்டால் எனக்குத்தான் நம்பிக்கை வராது.

சாப்பிட்டாயா என்றீர்கள். சாப்பிட்டேன் என்றேன். மழை பெய்ததா என்றீர்கள். இல்லை என்றேன். நைட்ரேட்டைக் கேட்பதற்கு முன்னால், நீங்கள் கேட்காமலே, "சிரமமாத்தாங்க இருக்கு" என்று சொல்லிவிட்டேன். என்ன சிரமம் என்றீர்கள். டிரம்மை எட்டிப் பார்த்தேன். பிறகு, "வடிகட்டி ரொம்ப மெதுவா சொட்டுது" என்றேன்.

நீங்கள், "உள்ள இருக்கற சவ்வு அடைச்சிருக்கும். கண்ட ஆளைக் கூப்பிட்டுக் கழட்டிடாத. சனிக்கிழமை நான் வந்து பாக்கறேன்" என்றீர்கள்.

அதை மீன் கடைக்காரர் பத்து நிமிடத்தில் மாற்றித் தருவார். அது உங்களுக்கும் தெரியும். கையெழுத்தைப் பற்றி நீங்கள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

போனை வைத்துவிட்டு இரண்டாவது நாற்பது லிட்டரை மாற்றினேன். இப்போது இருபத்து மூன்று. வலது தலை மூடியே இருக்கிறது. நடுத்தலை பத்தேகால் மணிக்குப் பாதி விரிந்தது. ஆபீசுக்கு நேரமாகிவிட்டது, இன்னும் உங்கள் நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.