பூச்சுக்குள் மீசை

மார்ச் 9, திங்கள்
பினாங்குப் பாலத்தில் நெரிசல், தாமதம். மேசைக்கு வந்தால் ஈப்போ மருத்துவமனையிலிருந்து திரும்பிய மருந்து பம்ப். குறைமாதக் குழந்தைக்கு மருந்து ஏறிக்கொண்டிருந்தபோது நின்றுவிட்டதாம். நர்ஸ் பக்கத்திலேயே இருந்ததால் கையால் ஏற்றிச் சமாளித்திருக்கிறார். குழந்தை நலம்.

உள்ளே இருக்கும் போர்டு எங்கள் தொழிற்சாலையில் செய்தது. இங்கே ஒழுங்காக ஓடுகிறது. மேலாளர் யாப் சார், "பழுது இல்லன்னு சொல்லி அனுப்பிடு, ஹூய் மின்" என்றார்.

மார்ச் 11
அனுப்பவில்லை.

மார்ச் 13, வெள்ளி
மைக்ராஸ்கோப்பில் விளக்கைச் சாய்த்தபோதுதான் தெரிந்தது. சிப்பின் காலிலிருந்து தலைமுடியைவிட மெல்லிய கம்பி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கிறது. காலில் பூசிய வெள்ளீயமே இப்படி வளர்ந்திருக்கிறது. ஈயம் கலப்பதை நிறுத்தியதிலிருந்து இந்தத் தொல்லை. பக்கத்துக் காலைத் தொட்டால் ஷார்ட். தொட்டதும் உருகி அறுந்தும் போகும். இங்கே ஓடியது அதனால்தான்.

பூச்சுப் பிரிவு ஸல்மியா அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"மீசை முளைச்சிருக்கு. எங்க வீட்டுக்காரருக்கே இவ்ளோ நேரா முளைக்கல." குனிந்து மறுபடி பார்த்தார். "போர்டு மேல பிளாஸ்டிக் பூச்சு அடிச்சுதானே அனுப்பறோம். எப்படி வெளிய வந்துது?"

மார்ச் 16
புற ஊதா விளக்கில் எங்கள் பூச்சு நீலமாக ஒளிரும். தட்டையான இடமெல்லாம் நீலம். கால்களின் விளிம்பு மட்டும் கறுப்பு. அங்கே பூச்சு நிற்காமல் வழிந்திருக்கிறது.

சொன்னதும் அக்காவின் முகம் மாறியது. "என் பிரிவுப் பொண்ணுங்க தலையில கட்டப் பாக்கறியா? குமிழ் வருது, மெல்லிசா அடிங்கன்னு சொன்னது யாப் சார்தான்."

உண்மைதான். ஆனால் மெல்லிசாக அடிக்கலாமா என்று அவர் முதலில் கேட்டது என்னிடம்; சரி என்றது நான்.

மார்ச் 19
அக்காவும் நானும் பேசி, போர்டைச் சாய்த்து வைத்து இரண்டு முறை அடித்துப் பார்த்தோம். முதல் தட்டுப் போர்டுகள் முழுக்கப் பாழ். அடுத்ததில் விளிம்பும் நீலம், குமிழும் இல்லை.

யாப் சார் ஒப்புக்கொண்டார், இனி செய்பவற்றுக்கு மட்டும். ஏற்கெனவே போனவை?

"அதான் ஓடிக்கிட்டு இருக்கே. திருப்பிக் கேட்டா வாடிக்கையாளரே போயிடுவான்."

ஓடிக்கிட்டுதான் இருக்கும், நிக்கற வரைக்கும். வேற எப்படி இருக்கும்? அந்த நர்ஸ் அன்னிக்கு டீ குடிக்கப் போயிருந்தா? — பழைய பூச்சிலும் புதியதிலும் சில போர்டுகளைச் சோதனைப் பெட்டியில் வைத்தேன்.

ஜூன் 22, திங்கள்
மீசையைச் சீக்கிரம் வளர்க்கும் வெப்பமும் ஈரமுமான அந்தச் சோதனைப் பெட்டியிலிருந்து போர்டுகளை எடுத்தோம். பழைய பூச்சில் மீசைகள் வெளியே நிற்கின்றன. புதியதிலும் வளர்ந்திருக்கின்றன. ஆனால் பூச்சைத் துளைக்க முடியாமல் வளைந்து, உள்ளேயே மடங்கிக் கிடக்கின்றன.

யாப் சார் பார்த்தார். "புதுசுலயும் வளருதே."

"வளரும் சார். வெளிய வர முடியல, அவ்வளவுதான்."

பழையதை மறுபடி மைக்ராஸ்கோப்பில் வைக்கச் சொன்னார். வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை. பிறகு, எங்களைப் பார்க்காமல், "எத்தனை ஊருக்குப் போயிருக்கு?" என்றார்.

ஜூலை 14
நாங்கள் திருப்பிக் கேட்ட போர்டுகளின் முதல் பெட்டிகள் கெடா மருத்துவமனைகளிலிருந்து வந்தன. மூவருமாகப் பிரித்தோம். ஒன்றில் மீசை பக்கத்துக் காலை எட்டக் கொஞ்சம்தான் பாக்கி. அக்கா அதைத் தனியே எடுத்து வைத்தார். யாப் சார் சட்டைக் கையை மடித்துவிட்டு அடுத்த பெட்டியைப் பிரித்தார்.